அந்நியக் கடுவன் பூனை உள்ளே வருகிறது: எந்தப் பூனைக்கதவு வாங்கலாம்?

கேள்வி: லண்டன் ஹாரோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்களிடம் இரண்டு பூனைகள். மிளகு, 4 வயதுக் கடுவன், கருத்தடை செய்தாகிவிட்டது, பாதி நாள் வெளியில்தான் சுற்றுவான். அம்மு, 14 வயது, கோயம்புத்தூரிலிருந்து எங்களோடு விமானம் ஏறி வந்தவள். சிறுநீரகம் பழுதாகி, பார்வையும் மங்கிவிட்டதால் அவளை வெளியே விடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலறைப் பின்கதவில் முன்பு குடியிருந்தவர்கள் வைத்த சாதாரண கேட் ஃப்ளாப் (பூனை முட்டித் தள்ளிப் போய்வரும் சின்னக் கதவு) இருக்கிறது. அம்முவுக்காக அதைப் பூட்டினால் மிளகு கதவைச் சுரண்டுகிறான். திறந்துவிட்டால் ஒரு மாதமாக ஒரு பெரிய மஞ்சள் கடுவன் உள்ளே வந்து தட்டைக் காலி செய்துவிட்டு, சுவரில் மூத்திரமும் அடித்துவிட்டுப் போகிறது. பத்து நாளாக மிளகும் சோபாவிலும் குளியல் தொட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் போய் வைக்கிறான். மைக்ரோசிப் பூனைக்கதவு வாங்கலாம் என்கிறேன் நான். கழுத்துப் பட்டையில் காந்தம் போதும் என்கிறார் கணவர். கோவையில் போட்ட சிப் இங்கே வேலை செய்யுமா? மஞ்சள் பூனைக்கும் சிப் இருந்தால் அதற்கும் கதவு திறந்துவிடாதா? (பூனைக்கதவைக் கண்டுபிடித்தது நியூட்டனா என்று மகன் கேட்கச் சொன்னான்.)

பதில்: கதவு இருக்கட்டும், முதலில் மிளகைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மஞ்சள் கடுவன் அல்ல, அந்தக் குளியல் தொட்டிதான்.

பூனை மூத்திரம் அடிப்பதும் மூத்திரம் கழிப்பதும் வேறு வேறு. அடிக்கும்போது நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டு, சுவரிலோ கதவிலோ பீய்ச்சும். அது ‘இது என் இடம்’ என்று எழுதி ஒட்டும் நோட்டீஸ். மிளகு செய்வது அது இல்லை. உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, குளிர்ந்த வழவழப்பான தொட்டியில் போகிறான் என்றால் அவனுக்குச் சிறுநீர்ப்பை வலிக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. மனஉளைச்சலில் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வருவது எங்கள் கால்நடை மருத்துவமனையில் நாங்கள் வாரந்தோறும் பார்க்கிற விஷயம். தன் வீட்டுக்குள் அந்நியன் வந்து தன் தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதைவிட ஒரு பூனைக்கு வேறென்ன உளைச்சல் வேண்டும்? இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். அதற்குள் அவன் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் வாரம் என்ற பேச்சே இல்லை. நள்ளிரவானாலும் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். கடுவனின் மூத்திரக் குழாய் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

சரி, கதவுக்கு வருவோம்.

உங்கள் கணவரின் காந்த யோசனை பழைய யோசனை. மோசமும் இல்லை, ஆனால் உங்களுக்கு உதவாது. காந்தக் கதவு பூனையை அடையாளம் பார்ப்பதில்லை, காந்தம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அதே தெருவில் இன்னொரு வீட்டிலும் காந்தப் பட்டை இருந்தால் அந்தப் பூனைக்கும் உங்கள் வீடு திறந்த வீடுதான். வெளியே சுற்றும் பூனையின் பட்டை, இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலியில் மாட்டித் தொங்கிவிடும். கழன்றுவிடும் வகை என்றால் அது கழன்று தொலையும். தொலைந்த அன்று ராத்திரி மிளகு மழையில் நிற்பான். போதாததற்கு, கழுத்துக் காந்தத்தில் ஆணியும் பேப்பர் கிளிப்பும் ஒட்டிக்கொண்டு வீடு திரும்பும் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பூனை தண்ணீர் குடிக்கக் குனிந்து, எவர்சில்வர் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு பயந்து ஓடியது.

மைக்ரோசிப் தொலையாது, தோலுக்கு அடியில் இருக்கிறது. அரிசி மணி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே. பேட்டரி கிடையாது. பூனை எங்கே இருக்கிறது என்றும் அதற்குத் தெரியாது, பலர் நினைப்பது போல அது ஜிபிஎஸ் அல்ல. பூனைக்கதவின் கூண்டுக்குள் (குகை போன்ற நுழைவுப் பகுதி) தலை நுழையும்போது அங்குள்ள கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலிருந்தே சிப் சக்தியை எடுத்துக்கொண்டு, தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த எண் தன் பட்டியலில் இருக்கிறதா என்று கதவு பார்க்கும். இருந்தால் ‘க்ளிக்’ என்று தாழ் விலகும்.

உங்கள் இன்னொரு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மஞ்சள் கடுவனுக்கும் சிப் இருக்கலாம். 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வார வயதுக்குள் சிப் போட வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் அதன் எண் உங்கள் கதவின் பட்டியலில் இல்லை, எனவே திறக்காது. நீங்களே சேர்த்துவிட்டால்தான் உண்டு! சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. இந்தக் கதவுகளில் ‘கற்றுக்கொள்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியதும் விளக்கு மின்னும், அடுத்ததாக எந்தச் சிப் வருகிறதோ அதைக் கதவு மனத்தில் வாங்கிக்கொள்ளும். என்னிடம் வரும் ஒரு தாத்தா பொத்தானை அழுத்திவிட்டு, பூனை எப்படியும் சாப்பாட்டுக்கு வரும் என்று டீ போடப் போய்விட்டார். முதலில் வந்தது எதிர்வீட்டுக் கடுவன். மூன்று வாரம் கதவு அதற்கு ராஜ மரியாதை கொடுத்திருக்கிறது. கதவு கெட்டுவிட்டது என்று இவர் கடைக்காரரோடு சண்டை. ஆகவே பொத்தானை அழுத்தினால் மிளகைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்துங்கள். கூண்டுக்குள் ஒரு துண்டு கோழி வைத்தால் தலையை அவனே நீட்டுவான்.

கோவையில் போட்ட சிப் இங்கே வேலை செய்யும். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் பூனை கொண்டுவர வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு என்று நீங்கள் பட்ட பாடெல்லாம் அந்தச் சிப் எண்ணின் பேரில்தான் நடந்திருக்கும். 15 இலக்கம் என்றால் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில் செய்த சிப். 134.2 கிலோஹெர்ட்ஸில் பேசுவது. இங்கே விற்கிற எந்த மைக்ரோசிப் பூனைக்கதவும் அதைப் படிக்கும். பழைய 9 அல்லது 10 இலக்க சிப் உள்ள பூனைகளுக்குத்தான், வாங்கும் முன் அந்தக் கதவு அதைப் படிக்குமா என்று பெட்டியில் பார்க்க வேண்டும். ஆனால் அம்முவின் காகிதங்களை எடுத்ததோடு இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். அவளுடைய எண் இங்குள்ள ஒரு சிப் பதிவகத்தில் உங்கள் ஹாரோ முகவரியோடு இருக்கிறதா? கோவை முகவரியோடு எங்கோ கிடந்தால், அவள் தெருவில் யார் கையிலாவது சிக்கும் நாளில் அந்தச் சிப்பால் பயன் இல்லை. வெளியே போகாத பூனைக்கும் சட்டம் ஒன்றுதான். பதிவு இல்லையென்று தெரிந்தால் சரிசெய்ய 21 நாள் தருவார்கள், அப்போதும் செய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம்.

இப்போது முக்கியமான இடம். மைக்ரோசிப் பூனைக்கதவு என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலானவை உள்ளே வரும்போது மட்டும்தான் சிப்பைப் படிக்கும். வெளியே போக எவருக்கும் தடை கிடையாது, முட்டித் தள்ளினால் போய்விடலாம். ஒரே ஒரு பூனை, அதுவும் ஊர் சுற்றும் பூனை என்றால் அது போதும், நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு அதை வாங்கினால் மஞ்சள் கடுவன் வருவது நிற்கும், அம்மு போவது நிற்காது. பார்வை மங்கிய கிழவி, மீன் வாசனையில் தலையால் முட்டி வெளியே விழுந்துவிட்டால் திரும்பி வரும் வழி அவளுக்குத் தெரியுமா?

எனவே உங்களுக்கு வேண்டியது இரண்டு பக்கமும் சிப் படிக்கும் கதவு. ஷ்யூர்ஃப்ளாப் நிறுவனம் ‘டூயல்ஸ்கேன்’ என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். 32 பூனைகளின் எண்ணை நினைவில் வைக்கும், யாரை வெளியே விடலாம் யாரை விடக்கூடாது என்று தனித்தனியே சொல்லி வைக்கலாம். வெளியே போகக் கூடாதவள்தானே என்று அம்முவைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். கட்டாயம் சேர்த்து, ‘உள்ளேயே இரு’ என்று அவளுக்கு வையுங்கள். யாரோ பின்கதவைத் திறந்து வைத்த நேரத்தில் அவள் வெளியே போய்விட்டாலும், திரும்பி வந்தால் கதவு அவளை அடையாளம் கண்டு உள்ளே விட வேண்டுமே. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். மிளகுக்காகத் தாழ் விலகிய நொடியில் இன்னொரு பூனை அவன் வாலைப் பிடித்தாற்போல் பின்னாலேயே நுழைந்தால், அதை எந்தக் கதவாலும் தடுக்க முடியாது. அம்மு அந்த வேகக்காரி இல்லை என்பது அவளைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

போனில் ஆப் வைத்துப் பார்க்கும் வகையும் இருக்கிறது. ரவுட்டரோடு ஒரு சிறிய பெட்டியை இணைக்க வேண்டும், பூனை எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று வரும், ஆபீசில் இருந்தே பூட்டலாம். வேண்டுமா என்று கேட்டால், உங்களுக்கு வேண்டாம் என்பேன். ஒரே ஒரு காரணத்துக்காக அதை மதிக்கிறேன்: ராத்திரி நேரத்தில் தானாகப் பூட்டும் வசதி. எங்களிடம் காரில் அடிபட்டு வருகிற பூனைகள் பெரும்பாலும் இருட்டில் அடிபட்டவை. மிளகை அந்தி சாய்வதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, கையாலேயே தாழ் போட்டுவிட்டால் அதே பலன் செலவில்லாமல் கிடைக்கும். வாயில் எலியோடு வரும் பூனையைக் கேமராவில் பார்த்துப் பூட்டிக்கொள்ளும் கதவுகளும் இப்போது வந்துவிட்டன. அவை வேறு விலை, வேறு கதை.

வாங்கும் முன் மிளகை அளக்க வேண்டும். எடை போட்டால் போதாது, உடல்வாகு வேண்டும். பூனை அளவுக் கதவின் திறப்பு சுமார் 14 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம்தான் இருக்கும். ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து அதே அளவுக்கு ஓட்டை வெட்டுங்கள். அந்தப் பக்கம் கருவாடு வையுங்கள். காதை மடக்கிக்கொண்டு சரசரவென்று நுழைந்தால் சரி. தலை நுழைந்து தோள் தயங்கினால் அதைவிடப் பெரிய, சிறு நாய்க்கும் பூனைக்கும் பொதுவான கதவு இருக்கிறது, சுமார் 18-க்கு 17 செ.மீ. ஆனால் உங்கள் மஞ்சள் கடுவனின் தலையும் பெரிது என்பதை மறக்காதீர்கள். தேவைக்கு மேல் பெரிய திறப்பு வேண்டாம்.

கதவில் ஏற்கெனவே ஓட்டை இருப்பது பாதி அதிர்ஷ்டம். பழைய ஃப்ளாப்பைக் கழற்றி ஓட்டையின் அகல உயரத்தையும், பலகையின் கனத்தையும் குறித்துக்கொண்டு புதியதன் அளவோடு ஒப்பிடுங்கள். ஓட்டை சிறியதாக இருந்தால் கொஞ்சம் வெட்டலாம், பெரியதாக இருந்தால் அடைப்புத் தகடு தேட வேண்டும். யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) பலகை வெட்டச் சுலபம். ஆனால் சில பலகைகளுக்குள் உலோகத் தகடு ஒளிந்திருக்கும். உலோகம் பக்கத்தில் இருந்தால் சிப்பைப் படிக்கும் அலை தடுமாறும், அதற்கென்று விற்கும் இணைப்புச் சட்டத்தை நடுவில் வைத்து மாட்ட வேண்டும். பலகைமேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் இரும்பு இருப்பது தெரிந்துவிடும், அலுமினியம் மட்டும் காந்தத்துக்கு அகப்படாது என்பதால் வெட்டின ஓரத்தையும் பாருங்கள். (கணவரின் காந்தத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.) கண்ணாடிக் கதவு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் துளை போடும் மெஷினை எடுக்க வேண்டாம். கடினப்படுத்திய கண்ணாடியில் பிற்பாடு ஓட்டை போட முடியாது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஓட்டையோடு சேர்த்தே புதுக் கண்ணாடி செய்யச் சொல்ல வேண்டும், பல நேரம் பூனைக்கதவைவிட அதற்குத்தான் செலவு அதிகம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம், அடுக்குமாடியில் தீத்தடுப்புக் கதவு என்றால் தொடவே கூடாது.

மாட்டியதும் பழக்கத்தில் ஒரு சிக்கல் வரும். மிளகுக்கு ஃப்ளாப் பழகியதுதான், ‘க்ளிக்’ சத்தம் பழகியதல்ல. முகத்துக்கு நேரே தாழ் விலகும் சத்தம் கேட்டு அவன் துள்ளிப் பின்வாங்குவான். அவன் திரும்பி வருவதற்குள் தாழ் மறுபடி விழுந்திருக்கும். இப்படி நாலு தடவை நடந்தால் கதவை வெறுத்துவிடுவான். முதல் சில நாள் தாழ் விழாதபடி அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு, பழைய ஃப்ளாப் போலவே ஆடவிடுங்கள். அந்த நாட்களில் ஆள் இருக்கும்போது மட்டும், அம்மு வேறு அறையில் இருக்கும்போது மட்டும். அவன் சகஜமாக வந்துபோன பிறகு டேப்பை எடுங்கள். அப்போதும் அவன் கூண்டுக்குள் தலையை விடாமல் முன்காலால் தட்டிக்கொண்டே இருந்தால் சிப்பைக் கதவு பார்க்கவே பார்க்காது. வெளிப்புறம் தரை தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். எம்பிக் குதித்து வர வேண்டியிருந்தால் தலை நிதானமாக உள்ளே நிற்காது, ஒரு செங்கல்லோ படிக்கல்லோ போட்டால் பாதிப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும். கதவின் அடிப்பகுதி பூனையின் வயிற்று உயரத்துக்கு வந்தால் நல்லது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் திறக்கிறது, ஒரு நாள் திறக்கவில்லை என்றால் எங்களைப் போன்ற மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். சில பூனைகளில் சிப் தோள்பட்டையிலிருந்து நகர்ந்து முன்கால் பக்கம் இறங்கியிருக்கும், ஸ்கேனரை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேட்டரி நாலு, டபுள் ஏ, அல்கலைன். ரீசார்ஜ் வகை போட வேண்டாம். சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தால் ‘நாளைக்கு’ என்று தள்ளிப் போடாதீர்கள். பேட்டரி தீர்ந்தாலும் பூனைகளின் எண் அழியாது, ஆனால் மிளகு வெளியே நிற்பான்.

கதவு மாறினாலும் மஞ்சள் கடுவன் சில வாரம் வந்து வெளியே உட்கார்ந்து உள்ளே பார்க்கும். கதவின் கீழ்ப்பாகத்தில் கண்ணாடி இருந்தால் மங்கலான ஸ்டிக்கர் ஒட்டுங்கள், மிளகுக்கு அவன் முகம் தெரிய வேண்டாம். வெளியே இறங்கும் இடத்தின் இருபுறமும் பூந்தொட்டி வைத்தால், மிளகு இறங்கியதும் ஒதுங்க ஒரு மறைவு கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கதவிலிருந்து எட்டத் தள்ளி வையுங்கள். மூத்திரம் பட்ட இடத்தைப் பிளீச்சாலோ அமோனியா கலந்த திரவத்தாலோ துடைக்காதீர்கள், பூனை மூக்குக்கு அது இன்னொரு பூனையின் கையெழுத்து மாதிரி. என்சைம் உள்ள துணித்தூளைப் பத்துக்கு ஒன்றாகத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, அலசி, காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒரு துடை. சாயம் போகுமா என்று சோபாவின் மறைவான மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடுவன் யாருடையது? சண்டைக்குப் போகும் முன், ஒரு காகிதத் துண்டில் ‘இது உங்கள் பூனையா? தயவுசெய்து அழைக்கவும்’ என்று எழுதி, உங்கள் எண்ணோடு பட்டை போலக் கழுத்தைச் சுற்றி லேசாக ஒட்டிவிடுங்கள். சுலபமாகக் கிழிய வேண்டும், அதுதான் முக்கியம். இங்கே ‘கேட்ஸ் புரொடெக்‌ஷன்’ என்ற பூனை நல அமைப்பினர் செய்வது இதைத்தான். ஒரு வாரம் யாரும் அழைக்கவில்லை என்றால் அது வீடற்றதாக இருக்கலாம். அவர்களிடமே சொல்லுங்கள், சிப் பார்த்து, கருத்தடைக்கும் வழி செய்வார்கள். கருத்தடை ஆகாத கடுவன்தான் இவ்வளவு நாற்றமடிக்கும், இவ்வளவு கடிக்கவும் செய்யும். மிளகின் உடம்பில் எங்காவது வீக்கமோ கடி அடையாளமோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் காட்டுங்கள். பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி கிருமி முக்கியமாகக் கடியில்தான் பரவுகிறது, இங்கே அதற்குத் தடுப்பூசி இல்லை.

மகனுக்கு: நியூட்டன் பெரிய பூனைக்கு ஒரு ஓட்டை, குட்டிக்கு ஒரு ஓட்டை போட்டார் என்பது அவர் இறந்த பிறகு ஊரில் உலவிய கதை, தம்பி. டெவன் பகுதியில் உள்ள எக்ஸிட்டர் பேராலயத்தில் பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே ஒரு மரக்கதவு இருக்கிறது. அதன் அடியில் வட்டமாக ஒரு பூனை ஓட்டை. கடிகாரக் கயிற்றில் தடவிய கொழுப்புக்கு எலி வருகிறது என்று பிஷப்பின் பூனைக்காக 1598-இல் தச்சரை வைத்து வெட்டியிருக்கிறார்கள், அப்போது நியூட்டன் பிறக்கவே இல்லை. ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குச் சிப்பும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். விடுமுறைக்கு அப்பாவை டெவன் பக்கம் கூட்டிப் போகச் சொல்.